ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும் முன்

அடுத்த வாரம் கோயம்புத்தூரில் எனக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன். எடை 112 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு) 45-ஐ ஒட்டி வருகிறது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. செய்யப்போவது ஸ்லீவ். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் விட்டுவைப்பார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது அந்த எடுத்துவிடும் பகுதியில்தான். அதனால் பசியே குறைந்துவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார். “ஏன் கண்ணு, வயித்தையே வெட்டி எடுத்துட்டா திங்கிற சோறு எங்க போய்ச் சேரும்?” அவர் பயப்படக் காரணம் இருக்கிறது. 2024 ஏப்ரலில், இதே மாதிரி ஆபரேஷனுக்காகப் புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு வந்த ஓர் இளைஞர் இறந்துபோனார். சுகாதாரத் துறை விசாரித்து அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்திவைத்தது. அந்தச் செய்தி அம்மா மனதில் அப்படியே நின்றுவிட்டது. என் மனதிலும்தான். அதனால் ஒன்று முடிவு செய்துகொண்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் என்னென்ன பார்க்கிறார்கள், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுப்பது.

முதலில் போன இடத்தில் எடை பார்த்தார்கள், பேக்கேஜ் ரேட் சொன்னார்கள். “வியாழக்கிழமை அட்மிட் ஆகிடுங்க, ரத்தமெல்லாம் அன்னிக்கே எடுத்துக்கலாம்.” நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றுகூட யாரும் கேட்கவில்லை. நானும் வீட்டுக்காரரும் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்து பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி என்னிடம் இல்லை, வீட்டுக்காரரிடம். “இவங்க குறட்டை விடுவாங்களா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருதா?” அவர் தலையாட்டினார். உடனே தூக்கப் பரிசோதனைக்கு எழுதினார்கள். தலையிலும் நெஞ்சிலும் வயர் ஒட்டிக்கொண்டு ஓர் இரவு படுத்துப் பார்த்ததில், தூக்கத்தில் மூச்சு அடைபடுவது கடுமையான அளவில் இருப்பது தெரிந்தது. இது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால், ஆபரேஷன் முடிந்து அரை மயக்கத்தில் இருக்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளலாம். அதனால் தேதி தள்ளிப்போனது. மூச்சுப்பாதை அடைபடாமல் காற்றை அழுத்தித் தரும், இரவில் மூக்கில் மாட்டிக்கொள்ளும் சிபாப் மெஷினைச் சில வாரம் பழகிய பிறகுதான் ஆபரேஷன் என்றார் டாக்டர். தள்ளிப்போனதில் அம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி. எனக்கு நிறையவே. மெஷின் மாட்டித் தூங்க ஆரம்பித்ததும், மத்தியானம் கணக்கு நோட்டின் மேல் கண் சொருகுவது நின்றேபோய்விட்டது. அது தூக்கக் குறைவால் வந்ததென்று இத்தனை வருஷம் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் எண்டோஸ்கோபி, வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது. நெஞ்செரிச்சல் அதிகமாக இருந்தாலோ உணவுக்குழாய் புண்பட்டிருந்தாலோ ஸ்லீவ் அதை மோசமாக்கலாம், அப்போது இரைப்பையில் சின்னப் பை மட்டும் அமைத்து அதைச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ்தான் பொருந்தும் என்றார்கள். எனக்கு உணவுக்குழாய் நன்றாகவே இருந்தது. ஆனால் இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இருந்ததால் முதலில் அதற்கு மாத்திரை. பித்தப்பைக் கல் பார்க்க ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, தைராய்டு, பி12, வைட்டமின் டி, இரும்புச்சத்து. மனநல மருத்துவரிடமும் அனுப்பினார்கள். “மனசு சரியில்லைன்னா என்ன சாப்பிடுவீங்க?” என்று அவர் கேட்டார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் இரவுகளில் நான் காலி செய்யும் மிக்சர் பாக்கெட்டைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் பேசினேன்.

இப்போது நடப்பது கல்லீரலைச் சுருக்கும் உணவு. இதற்கான காரணத்தை டாக்டர் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலின் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கிறது. வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பில் கேமரா உள்ளே போனதும் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை முழுசாகத் தெரியும். கொழுப்பு படிந்து வீங்கிய கல்லீரலைத் தூக்குவது கஷ்டம், கிழிந்து ரத்தம் கசியவும் கூடும். இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்தால் அதில் சேர்ந்திருக்கும் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும், கூடவே தேங்கிய தண்ணீரும், கொஞ்சம் கொழுப்பும் கரைந்து கல்லீரல் சுருங்கும்.

ஆக ஒரு நாளைக்கு 800 முதல் 1000 கலோரி. காலையும் இரவும் கொழுப்பு நீக்கிய பாலில் புரதப் பொடி. மத்தியானம் முட்டை வெள்ளைக்கரு, கொஞ்சம் கோழி, தேங்காய் போடாத சுரைக்காய்ப் பொரியல். நடுவில் நீர்மோர், தெளிந்த கொள்ளு ரசம். சோறு கிடையாது. முதல் சில நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. பக்கத்து வீட்டில் அரிசிம்பருப்புக்குத் தாளிக்கும் வாசனை வந்தால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன். முன்பு எத்தனையோ டயட் இருந்து பாதியில் விட்டிருக்கிறேன். இதை விடாமல் இருக்க முடிகிறது. சர்ஜன் கண்ணுக்கு இடம் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாப்பிடாமல் இருப்பது வேறு மாதிரி இருக்கிறது.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த உணவை டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். எனக்குக் கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையைக் குறைத்தார்கள். டாபாகிளிஃப்ளோசின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரையை அடியோடு நிறுத்தினார்கள், மாவுச்சத்து குறைந்திருக்கும்போது அது ரத்தத்தில் அமிலத்தை ஏற்றிவிடக்கூடும் என்பதால்.

குடிக்கும் விதத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் சொம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடிப்பவர்கள். வாய் வைத்துக் குடித்தால் எச்சில் என்று அம்மா திட்டுவார். ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிக் குடித்தால் குழாய் மாதிரி ஒடுங்கிய இரைப்பை தாங்காது, காற்றும் சேர்ந்து உள்ளே போய் வலிக்கும் என்றார் டயட்டீஷியன். மருந்து ஊற்றும் சின்னக் கப்பில் 30 மில்லி ஊற்றி, மிடறு மிடறாக, உதட்டை வைத்து உறிஞ்சிக் குடித்துப் பழகுகிறேன். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான். எனக்கென்று தனி டம்ளர் வந்துவிட்டது. அம்மாவே வாங்கிவந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரல் நன்றாக விரிய உதவும், மூன்று பந்து இருக்கும் மூச்சுப் பயிற்சிக் கருவியையும் இப்போதே கொடுத்துவிட்டார்கள். இழுத்து மூச்சு வாங்கிப் பந்துகளை மேலே நிறுத்த வேண்டும். ஆபரேஷன் வலியில் புதிதாகக் கற்றுக்கொள்வது சிரமமாம்.

இன்சூரன்ஸைப் பற்றிச் சுருக்கமாக. பணம் கிடைக்க, இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ விதிப்படி 18 வயது முடிந்து, பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-லிருந்து 40-க்குள் என்றால் கட்டுக்கடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு போன்ற ஏதாவது கூடவே இருக்க வேண்டும். வேறு வழிகளில் எடை குறையவில்லை என்பதையும் காட்ட வேண்டும். பழைய டயட்டீஷியன் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பாலிசியையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

பெண்களுக்கு இன்னொன்று. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், ரத்தம் உறையும் ஆபத்தால் முன்கூட்டியே நிறுத்துவார்கள். ஆபரேஷன் முடிந்து ஒன்று, ஒன்றரை வருஷத்துக்குக் கர்ப்பம் கூடாது. கல்யாணமான பெண்களைச் சுற்றி எத்தனை பேர் “விசேஷம் உண்டா?” என்று கேட்பார்கள் என்று நமக்குத் தெரியும். வீட்டுப் பெரியவர்களிடம் கணவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவது நல்லது.

ஸ்லீவ் செய்துகொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு 60 கிராம் புரதத்தை எப்படி உள்ளே அனுப்பினீர்கள் என்று எழுதுங்கள். வெனிலா வாசனைப் பொடி எனக்கு இப்போதே குமட்டுகிறது. வாசனையே இல்லாத பொடி கிடைக்கிறதாம், ரசத்தில் கலந்தால் கட்டி தட்டாமல் இருக்குமா?