பிடிப்பது உள்ளங்கை, வலிப்பது முழங்கை

சென்ற ஐப்பசியில் வீட்டின் வாஷிங் மெஷின் பழுதாகிப்போனதால், பத்து நாட்களுக்கும் மேலாகப் போர்வைகளையும் ஜமுக்காளங்களையும் கையாலேயே துவைக்க நேர்ந்தது. அடைமழைக் காலமாகையால், கொடியில் போடுவதற்கு முன் ஒரு சொட்டு நீரும் தங்காதபடி முறுக்கிப் பிழிய வேண்டியிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில், எலும்பு மேடாகத் தட்டுப்படும் இடத்தில் வலி தொடங்கிவிட்டது. மேசையிலிருந்து காபி டம்ளரை எடுத்தால்கூடச் சுரீரென்று இழுத்தது. எலும்பு மருத்துவர் அந்த மேட்டை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, இது 'டென்னிஸ் எல்போ' என்றார்.

பெயர் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. துணியையோ டம்ளரையோ பிடிக்கும்போது விரல்கள் உள்ளங்கைப் பக்கமாக மடங்குகின்றன. அவற்றை மடக்கும் தசைகளும் முன்கையின் உட்புறத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால், பிடித்ததற்கான வலி அதற்கு நேரெதிரே, புறங்கைப் பக்கத்துத் தசைகள் தொடங்கும் இடத்தில் ஏன் வர வேண்டும்? பிசியோதெரபிக்காகச் சென்ற இடத்தில் இதைக் கேட்டேன். அங்கிருந்த பெண்மணி என் இடது கையை எடுத்து வலது முன்கையில், முழங்கைக்கு மூன்று விரற்கடை கீழே வைத்துவிட்டு, "இப்போது முஷ்டியை இறுக்குங்கள், எந்தப் பக்கம் தடிக்கிறது என்று பாருங்கள்" என்றார். இரண்டு பக்கமும் தடித்தன. அன்று தொடங்கிய ஆர்வத்தில்தான் முன்கையின் அமைப்பைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன்.

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே ஆரை எலும்பு, அரந்தி எலும்பு என்று இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டை விரல் பக்கம் இருப்பது ஆரை; சுண்டு விரல் பக்கம் இருப்பது அரந்தி. உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது அரந்தி ஏறத்தாழ அசையாமலிருக்க, ஆரை அதன்மீது குறுக்காகப் புரண்டு வருகிறது. இவற்றைச் சுற்றி, உட்புறத்தில் 8, வெளிப்புறத்தில் 12 என்று மொத்தம் 20 தசைகள் இருக்கின்றன. உட்புறத் தசைகளில் பெரும்பாலானவை மணிக்கட்டையும் விரல்களையும் மடக்குகின்றன. வெளிப்புறத் தசைகளில் பெரும்பாலானவை அவற்றை நிமிர்த்துகின்றன. கையைக் கவிழ்க்கவும் மலர்த்தவும் தனித் தசைகள் உண்டு.

நம் விரல்களின் எலும்புகளை அசைக்கும் தசைச்சதை ஒன்றுகூட விரல்களுக்குள் இல்லை என்பது எனக்கு இதுவரை தெரிந்திராத செய்தி. உள்ளங்கையில் இருக்கும் சிறு தசைகள் நுணுக்கமான அசைவுகளைப் பார்த்துக்கொள்கின்றன. இறுகப் பிடிக்கும் வலிமையோ பெரும்பாலும் முன்கையிலிருந்து வருகிறது. அங்குள்ள சதை மணிக்கட்டை நெருங்கும்போது வெண்மையான கயிறுகளைப் போன்ற தசைநாண்களாக மெலிந்து, விரல் எலும்புகள் வரை ஓடுகிறது. விரல்களை மடக்கும் நாண்கள் 9, மணிக்கட்டின் உட்புறத்தில் உள்ள ஒரு குறுகிய குகைக்குள் நடு நரம்போடு சேர்ந்து நெருக்கியடித்துக்கொண்டு செல்கின்றன. அவற்றுள் மேலடுக்கைச் சேர்ந்த நாண் ஒவ்வொன்றும் விரலின் நடு எலும்பில் இணையுமுன் இரண்டாகப் பிளந்து வழிவிட, ஆழத்து அடுக்கைச் சேர்ந்த நாண் அந்தப் பிளவின் ஊடே புகுந்து நுனி எலும்பு வரை போகிறது. இந்த அமைப்பைப் படத்தில் பார்த்தபோது வெகுநேரம் என் விரல்களையே மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கேள்விக்கான விடையும் இந்த நாண்களின் பாதையிலேயே இருந்தது. விரல் மடக்கும் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து செல்வதால், அவை இழுக்கப்படும்போது விரல்கள் மட்டுமல்லாமல் மணிக்கட்டும் சேர்ந்து உட்புறமாக மடங்கப் பார்க்கும். மணிக்கட்டு மடங்கிவிட்டால் நாண்கள் தளர்ந்து, பிடி நழுவிவிடும். மணிக்கட்டை முழுவதும் உட்புறமாக மடக்கி வைத்துக்கொண்டு ஒரு பேனாவை இறுகப் பிடிக்க முயன்றால் இது உடனே விளங்கும். ஆகவே, ஒவ்வொரு முறை நாம் பிடிக்கும்போதும் வெளிப்புறத் தசைகள் மணிக்கட்டைப் புறங்கைப் பக்கமாக 20 முதல் 35 பாகை வரை நிமிர்த்தி நிறுத்திவைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் வேலையை உட்புறத் தசைகள் செய்ய, அந்த வேலைக்கு அணைகொடுத்து நிற்பவை வெளிப்புறத் தசைகள்.

இதற்கு இன்னும் அழுத்தமான சான்று ஒன்று உண்டு. மேற்கை எலும்பு முறியும்போது சிலருக்கு அதை ஒட்டிச் சென்று வெளிப்புறத் தசைகளை இயக்கும் ஆரை நரம்பு அடிபட்டு, மணிக்கட்டு தொங்கிவிடும். விரல்களை மடக்கும் தசைகளுக்கும் அவற்றுக்கான நரம்புகளுக்கும் எந்தக் குறையும் இல்லாதபோதும் அவர்களுடைய பிடி தளர்ந்துபோகிறது. மணிக்கட்டை ஒரு பட்டையால் நிமிர்த்திக் கட்டினால் அதே விரல்களின் பிடி வலுக்கிறது.

மணிக்கட்டை நிமிர்த்தும் தசைகளுள் ஒன்று, முழங்கையின் வெளிமேட்டிலிருந்து புறப்பட்டு நடுவிரலுக்கு நேரான உள்ளங்கை எலும்பின் அடியில் போய் இணைகிறது. டென்னிஸ் எல்போவில் பெரும்பாலும் பாதிக்கப்படுவது இதன் தொடக்க நாண்தான். ஓய்வில்லாத இழுவையால் அதன் இழைகள் ஒழுங்கு குலைந்து நைந்துபோகின்றன. நாட்பட்ட வலியில் இது வெறும் வீக்கமன்று, நாணின் தேய்மானம் என்று புரிந்துகொண்டேன். 1873-இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நோயை எழுதுவோருக்கு வரும் கைத்தசைப் பிடிப்பைப் பற்றிய கட்டுரையில்தான் விவரித்தார். டென்னிஸின் பெயர் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகு, 1880-களில். பேனா பிடித்தவர்களும் துணி பிழிந்தவர்களும் அந்தப் பெயருக்குள் மறைந்துபோனதில் எனக்கு வருத்தமே. வீட்டு வேலையால் வந்த வலியை நம் பெண்கள் நோயாகவே எண்ணாமல் தைலம் தடவிக்கொண்டு காலம் தள்ளுவதற்கு இப்பெயரும் ஒரு காரணமோ என்று தோன்றுகிறது.

எனக்குச் சொல்லப்பட்ட பயிற்சி மிக எளியது. முன்கையை மேசைமீது கவிழ்த்து வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கையின் துணையோடு அதை உயர்த்தி, பின்பு வலது கையால் மட்டும் மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்க வேண்டும். நீளும்போதே பாரத்தைத் தாங்குவதற்கு நாணைப் பழக்குவது இதன் நோக்கம். முதல் மூன்று வாரங்கள் பெரிய மாற்றம் தெரியவில்லை. தை பிறந்த பிறகுதான் டம்ளரைத் தயங்காமல் எடுக்க முடிந்தது.

பால் பையையும் காய்கறிக் கூடையையும் இப்போது உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி தூக்குகிறேன். அப்போது பாரத்தின் பெரும்பகுதி முன்கையின் உட்புறத்துக்கும் மேற்கைக்கும் போய்விடுகிறது. வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது. எப்போதாவது போர்வையைக் கையால் பிழிய நேர்ந்தால், மறுமுனையைப் பிடித்துக்கொள்ள மகளைக் கூப்பிடுகிறேன்.