பொன்னுக்கு வீங்கி
பாப்பாவுக்கு ரெண்டு கன்னமும் உப்பிடுச்சு, எச்சில் முழுங்கவே அழுவுறா.

அம்மாயி சேலத்துல முதல் பஸ்ஸ பிடிச்சு 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏற்காடு வந்து, வந்ததும் வராததுமா தன் தங்கச் சங்கிலியக் கழட்டி குழந்தை கழுத்துல போட்டுச்சு. அது தொப்புள் வரைக்கும் தொங்குச்சு. ஒரு ஊக்கு குத்தி சுருக்கி விட்டுச்சு.

அந்த ஊக்கையே பாத்துட்டு இருந்தேன்.

1963 மார்ச்ல அமெரிக்காவுல தடுப்பூசி விஞ்ஞானி மாரிஸ் ஹில்லமேன் வீட்லயும் இதே கதைதான். அஞ்சு வயசு பொண்ணு ஜெரில் லின் ராத்திரி எழுப்பி தொண்டை வலிக்குதுங்குறா. மனுசன் அவள படுக்க வெச்சுட்டு, லேபுக்குப் போய் பஞ்சுக் குச்சி எடுத்துட்டு வந்து, அவ தொண்டையில தடவி எடுத்து திரும்ப லேபுக்கே கொண்டுபோய் வெச்சாரு. அந்த வைரஸ கோழிக் கருவுல மாத்தி மாத்தி வளத்து வீரியத்தக் குறைச்சு, 1967ல தடுப்பூசி வந்துருச்சு. சோதனையில அத போட்டுக்கிட்ட குழந்தைகள்ல ஜெரிலோட தங்கச்சியும் ஒருத்தி. அக்கா தொண்டையில இருந்து எடுத்தது தங்கச்சிக்கு மருந்து!

40க்கும் மேல தடுப்பூசி உருவாக்குன மனுசன், எத்தன பேருக்கு அவர் பேர் தெரியும்?

இங்க அரசு போடுற எம்ஆர் ஊசில தட்டம்மையும் ரூபெல்லாவும்தான், பொன்னுக்கு வீங்கியும் சேந்த எம்எம்ஆர் ஊசிய காசு குடுத்துதான் போடணும். அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன், அதான் மனசை அறுக்குது. சின்னவனுக்கு நாளைக்கே டாக்டர்கிட்ட கேக்கணும்.

பாப்பா இப்ப சங்கிலியப் பிடிச்சுட்டே தூங்குறா.