முரக்கா பக்கம்: எழுத்து முடிந்தது, ஓரம் நடக்கிறது

முரக்கா என்பது ஓவியங்களையும் அழகெழுத்துத் துண்டுகளையும் ஒட்டி, சுற்றிலும் அலங்கார ஓரம் வைத்துக் கட்டிய ஆல்பம். பாரசீக, மொகலாய அரசர்கள் ஆசை ஆசையாகச் சேர்த்தவை. அதில் ஒரு பக்கத்தை நானே செய்துகொண்டிருக்கிறேன்.

முதலில் வஸ்லி, அதாவது மெல்லிய தாள்களை அடுக்கி ஒட்டிய அட்டை. மைதா பசையில் துளி மயில்துத்தம் கலந்தேன், பூச்சி அண்டாது. காய்ந்தபின் அகேட் கல்லால் நிதானமாகத் தேய்க்க வேண்டும். தேய்ப்பு சரியாக இருந்தால் நாணல் பேனா எங்கும் தடுக்காமல் ஓடும். மை பிசிறுவதும் இல்லை.

எழுத்துக்கு மாதிரி மீர் அலி ஹராவி. 16ஆம் நூற்றாண்டில் ஹெராத்திலிருந்து (இன்றைய ஆப்கானிஸ்தான்) புகாராவுக்கு (இன்றைய உஸ்பெகிஸ்தான்) கொண்டுபோகப்பட்டவர், நஸ்தலீக் என்ற பாரசீக அழகெழுத்து முறையில் மேதை. ஜஹாங்கீரும் ஷாஜஹானும் அவர் எழுதிய துண்டுகளைத் தேடிச் சேர்த்தார்கள். அவரைப் போலவே வரிகளைச் சாய்வாக வைத்தேன். பேனா முனையால் புள்ளிகள் இட்டு, அதை வைத்தே ஒவ்வொரு எழுத்தின் உயரத்தையும் அளந்துகொள்ள வேண்டும். நீளும் வளைவுகளை ஒரே மூச்சில் இழுக்கும்போது கிடைக்கும் சந்தோஷம் பெரியது.

இப்போது ஓரம். இங்கேதான் சேகரிப்பாளரின் மனது புரிய ஆரம்பித்தது. எழுதியவர் ஒருவர், வரைந்தவர் வேறொருவர். இருவரும் நூறு வருட இடைவெளியில்கூட வாழ்ந்திருக்கலாம். அவர்களை ஒரே பக்கத்தில் சேர்த்து வைக்கிற முடிவு சேகரிப்பவருடையது. ஜஹாங்கீரின் குல்ஷன் ஆல்பத்தில் (தெஹ்ரான் குலிஸ்தான் அரண்மனையில் இருக்கிறது) ஓவியர்களின் உருவங்களையே ஓரத்தில் வரையவைத்திருக்கிறார்கள். ஷாஜஹான் காலத்தில் ஓரம் முழுக்கப் பூச்செடிகள்.

நான் அதிகம் பார்ப்பது கெவோர்க்கியன் ஆல்பம் என்ற மொகலாய முரக்கா. 50 தாள்கள், 41 நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், 9 வாஷிங்டன் ஃப்ரீயர் கேலரியில். ஒரு புறம் ஓவியம், மறுபுறம் எழுத்து. விரித்தால் ஓவியத்துக்கு எதிரே ஓவியம், எழுத்துக்கு எதிரே எழுத்து வரும்படி அடுக்கியிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் செய்த நகல் தாள்களும் இடையில் சேர்ந்திருக்கின்றன. உருவப்படங்களைச் சுற்றி ஒட்டிய கவிதை வரிகளுக்கும் படத்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. எழுத்தின் அழகுக்காகவே வைத்தவை. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

என் ஓரத்துக்கு ஊதா நிற ஐரிஸ் பூக்களை எடுத்துக்கொண்டேன். தண்டுகள் முடிந்துவிட்டன, இதழ்கள் பாதியில். அப்புறம் தங்கக் கோடுகள் இழுத்து, பின்பக்கத்துக்கு ஓவியம் வரைய வேண்டும்.