ஆயுத பூசைக்கு முன் 14 பேட்கள்

23.09.2024, திங்கள்

காலை பத்து மணி இருக்கும். கடைக்கு மெருகேற்ற வந்த கறுப்பு கார் ஒன்றின் பானெட்டில் ரோட்டரி பாலிஷ் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று அதில் மாட்டியிருந்த வட்ட ஸ்பாஞ்சான பாலிஷ் பேட் பிய்த்துக்கொண்டு பறந்து எதிர்ச் சுவரில் அடித்தது. பேட்டின் முதுகில் ஒட்டியிருந்த வெல்க்ரோ மட்டும் மெஷினோடு நின்றுவிட்டது. கை தானாகவே மெஷினைத் தூக்கிவிட்டதால் பெயிண்ட் தப்பியது. நெஞ்சுப் படபடப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மாலையில் அலமாரியில் இருந்த பேட்களை எல்லாம் மேசையில் கொட்டினேன். மொத்தம் 14. வெல்க்ரோ கழன்றவை ஐந்து, ஓரம் கிழிந்தவை மூன்று, கீறல் நீக்கப் பூசும் காம்பவுண்ட் காய்ந்து வரட்டி போல் விறைத்தவை நான்கு. நம்பி மாட்டக்கூடியவை இரண்டே இரண்டு. அக்டோபர் 11 ஆயுத பூசை. அதற்குள் ஒன்பது கார்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாவற்றையும் புதிதாக வாங்கினால் பன்னிரண்டாயிரம் ரூபாய் ஆகும். பணத்தைவிட வேறொன்று உறுத்துகிறது. இவற்றில் ஒன்றுகூட ஓராண்டு பழையதல்ல. ஏன் கெட்டன என்று தெரியாமல் புதியவற்றை வாங்கி என்ன பயன்?

24.09.2024, செவ்வாய்

விறைத்துப்போன நான்கில் தொடங்கினேன். காம்பவுண்டில் இருப்பது அலுமினா போன்ற மிக நுண்ணிய அரைக்கும் தூளும் எண்ணெய்ப் பசையும். வேலை செய்யும்போது பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டிலிருந்து உரிந்து வரும் தூளும் அதோடு சேர்ந்து ஸ்பாஞ்சின் நுண்துளைகளில் அடைகிறது. அன்றைக்கே கழுவினால் பத்து நிமிடத்தில் போய்விடும். ஒரு வாரம் காயவிட்டால் சுண்ணாம்பு பூசியது போல் இறுகிவிடுகிறது. அந்தப் பேட்டை மறுபடி மாட்டினால் அது பாலிஷ் போடுவதில்லை, புதிய கீறலைத்தான் போடுகிறது.

வெதுவெதுப்பான தண்ணீரில் மென்மையான திரவ சோப்பு கலந்து அரை மணி நேரம் ஊறப்போட்டேன். கொதிநீர் கூடாது, வெல்க்ரோவை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும். பிறகு மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்தேன். முதலில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தினேன். சோப்பு நுரைக்கவே இல்லை. காய்ந்த பிறகு உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. மறுபடி ஊறவைத்துக் கடைசி அலசலுக்கு உப்புக் குறைந்த சிறுவாணிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்தேன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு இது இத்தனை நாள் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது. மூன்று பேட்கள் மென்மையாகிவிட்டன. நான்காவது விரல் பட்டதும் உதிர்ந்தது.

கடையில் வேலை செய்யும் பையன் அவற்றைத் துணி போல் முறுக்கிப் பிழியப் போனான். தடுத்தேன். முறுக்கினால் ஸ்பாஞ்சும் வெல்க்ரோவும் சேரும் இடத்தில்தான் இழுவிசை விழும். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் போதும். காயவைப்பதும் அப்படித்தான். ஸ்பாஞ்சு முகம் கீழே, வெல்க்ரோ மேலே. அப்போதுதான் ஈரம் பசையை விட்டு விலகி வடியும். மொட்டைமாடி வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்றான். வெயில் பட்ட ஸ்பாஞ்சு மஞ்சளித்து நொறுங்கிவிடும். ஆகவே நிழலில், மின்விசிறியின் கீழே, கம்பி வலைமேல் பரப்பினோம்.

25.09.2024, புதன்

வெல்க்ரோ ஏன் கழல்கிறது? இதற்கு விடை தெரிந்தே ஆகவேண்டும் என்று வெப்பமானியை எடுத்து வைத்துக்கொண்டேன். ரோட்டரியில் நான்கு நிமிடம் ஓட்டிய பிறகு பெயிண்டின் மேல் 47 டிகிரி. உடனே பேட்டைக் கழற்றி அதன் முதுகைப் பார்த்தேன். நடுவில் 64. ஓரத்தில் 45கூட இல்லை. ஸ்பாஞ்சு வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் நடுவிலேயே தங்குகிறது. கழன்ற ஐந்தையும் திருப்பிப் பார்த்தேன். ஐந்திலும் பசை முதலில் விட்டது நடுவில்தான். சில பேட்களின் நடுவில் துளை வைத்திருப்பது எதற்கு என்பது இன்று கண்ணால் பார்த்துப் புரிந்தது.

டூயல் ஆக்ஷன் மெஷினில் அதே நான்கு நிமிடத்துக்கு முதுகில் 52தான். ரோட்டரி ஒரே அச்சில் சுழல்கிறது. இதுவோ சுழன்றுகொண்டே அதிர்கிறது, அதனால் சூடு குறைவு. நான் அழுத்தி ஓட்டியதும் ஒரு காரணம். கீறல் போகவில்லை என்றால் இன்னும் அழுத்துவது என் பழக்கம். அழுத்தத்தால் ஸ்பாஞ்சு நசுங்கிச் சூடுதான் ஏறுகிறது. கீறலுக்கு வேண்டியது கடினமான பேட் அல்லது வேறு காம்பவுண்ட்.

மெஷினில் பேட்டைப் பிடித்துக்கொள்ளும் தட்டான பேக்கிங் பிளேட்டையும் பார்த்தேன். அதன் கொக்கிகள் நடுவில் வளைவு இழந்து படுத்துக்கிடந்தன. வெல்க்ரோவைக் கண்டுபிடித்த ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், 1941-ல் நாயோடு நடந்து வந்தபோது அதன் ரோமத்தில் ஒட்டிய முள்காய்களைப் பார்த்துத்தான் அந்த எண்ணத்தைப் பெற்றார். 1955-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. தோட்டத்துக்குள் நடந்தால் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவியை எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கொக்கி வளைவாக இருக்கும் வரைக்கும்தான் பிடி. இந்தப் பிளேட்டில் எந்தப் பேட்டை மாட்டினாலும் நழுவும். புதிய பிளேட் வாங்கச் சொல்லிவிட்டேன். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

27.09.2024, வெள்ளி

கழன்ற ஐந்தில் ஒன்றின் ஸ்பாஞ்சு தாறுமாறாகப் பிய்ந்திருந்தது. அதைத் தள்ளிவிட்டேன். மீதி நான்கையும் மறுபடி ஒட்டித் தரச் சொல்ல எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு அருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் போனேன். பேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

“தம்பி, இதற்கு எத்தனை நாளாகத் தண்ணீர் படவில்லை?”

“நேற்றுக்கு முந்தைய நாள் கழுவினேன், ஐயா.”

“இன்னும் ஈரம் இருக்கிறது. ஈரத்தில் சொல்யூஷன் பிடிக்காது. ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள்.”

நான் விரலால் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நம்பியிருந்தேன். அவர் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

29.09.2024, ஞாயிறு

பெரியவர் முதலில் பழைய பசையைப் பிளேடால் சுரண்டி எடுத்தார். பிறகு ரப்பர் சொல்யூஷனை ஸ்பாஞ்சிலும் வெல்க்ரோவின் முதுகிலும் மெல்லியதாகப் பூசினார். பூசியதும் ஒட்டவில்லை. டீ குடித்துவிட்டு வந்தோம். பத்து நிமிடம் கழித்து, விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகு, ஒரு ஓரத்திலிருந்து சரியாகப் பொருத்திக்கொண்டே போனார். ஒருமுறை தொட்டுவிட்டால் நகர்த்த முடியாது, அதனால் மையம் தப்பக் கூடாது. மேலே பலகை வைத்துச் சுத்தியலால் தட்டினார். மூன்றை அவர் ஒட்டினார், நான்காவதை நான் ஒட்டினேன். ஒரு நாள் முழுக்க மெஷினில் மாட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

01.10.2024, செவ்வாய்

அவர் ஒட்டிய மூன்றும் நின்றன. நான் ஒட்டியதில் பசை அதிகம். அது ஸ்பாஞ்சுக்குள் ஊறி நடுவில் வில்லை போல் இறுகிவிட்டது. கையால் அழுத்தினாலே தெரிகிறது. கையால் மெழுகு பூச வைத்துக்கொள்கிறேன்.

நின்ற மூன்றையும் ரோட்டரியில் மாட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். சூட்டில் இந்தப் பசையும் இளகும். டூயல் ஆக்ஷன் மெஷினில், குறைந்த வேகத்தில், கடைசி மெருகுக்கு மட்டும். முதுகில் மார்க்கரால் ‘ஒட்டியது’ என்று எழுதி வைத்தேன்.

03.10.2024, வியாழன்

ஓரம் கிழிந்தவை. நம்பர் பிளேட்டின் முனை, வைப்பர், கூர்மையான மடிப்பு ஆகியவற்றில் ஓட்டியதால் வந்த காயம். இரண்டில் கிழிசல் சிறியது. மெதுவாகச் சுழலவிட்டு, மரக்கட்டையில் சுற்றிய 80 நம்பர் உப்புத்தாளை ஓரத்தில் பிடித்தேன். கிழிசல் மறைந்து வட்டம் மீண்டும் சீரானது. தூள் முகத்தில் அடிக்கும், முகமூடியும் கண்ணாடியும் கட்டாயம். மூன்றாவது பாதிவரை கிழிந்திருந்தது. அதிலிருந்து இரண்டு அங்குல வட்டங்கள் மூன்று வெட்டினேன். கதவுக் கைப்பிடிக் குழிக்கும் கண்ணாடித் தூணுக்கும் இவைதான் பொருத்தம்.

இன்று பையன் மஞ்சள் பேட்டை எடுத்து மெருகுக்கு மாட்டினான். நிறங்களுக்குப் பொதுவான விதி கிடையாது. ரூபஸ் நிறுவனத்தின் மஞ்சள் மென்மையான மெருகுக்கு. லேக் கண்ட்ரியின் மஞ்சளோ அழுத்தமாக வெட்டும், அதாவது கீறலை அரைத்தெடுக்கும் வேலைக்கு. இரண்டும் எங்கள் அலமாரியில் கலந்து கிடந்தன. இனி எல்லாப் பேட்டின் முதுகிலும் ‘வெட்டு’, ‘நடு’, ‘மெருகு’ என்று எழுதுகிறோம்.

07.10.2024, திங்கள்

ஆறாவது கார் முடிந்தது. இப்போது ஒரு காருக்கு வெட்டும் வேலைக்கு மட்டும் மூன்று பேட் எடுத்துக்கொள்கிறேன். பானெட் முடிந்ததும் ஒன்றை மாற்றி ஆறவிடுகிறேன். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் தூரிகையால் தூளைத் தட்டுகிறோம், கம்பளி பேட்டுக்குக் கம்ப்ரசர் காற்று. கழற்றும்போது ஸ்பாஞ்சைப் பிடித்து இழுக்காமல் வெல்க்ரோவின் விளிம்பில் விரலை நுழைத்து உரிக்கிறோம். இரவு எத்தனை மணியானாலும் கழுவாமல் கடையை மூடுவதில்லை. பையன் நேற்று பத்தரை மணிக்குக் கழுவினான். நான் சொல்லவே இல்லை.

மழை தொடங்கிவிட்டால் காயவைப்பதுதான் சிரமம். இரண்டு நாள் சுற்றுக்குப் போதுமான பேட்கள் இருந்தால் சமாளிக்கலாம்.

11.10.2024, வெள்ளி

ஆயுத பூசை. மெஷின்களைத் துடைத்து வரிசையாக வைத்தோம். பையன் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு முதலில் பேட்களிடம் போனான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்தத் தூள் ஸ்பாஞ்சில் போனால் அடுத்த காரின் பெயிண்டில்தான் இறங்கும். பேட்களை உறையோடு, நசுங்காமல் படுக்கவைத்தோம். பொட்டு மெஷினின் உடலுக்கும் உறைகளுக்கும். பொரி, கடலை, வாழைப்பழம் வைத்துத் தீபம் காட்டினோம். செருப்புத் தைக்கும் பெரியவருக்கும் ஒரு பொட்டலம் அனுப்பினேன். அவர் தன் சுத்தியலுக்கும் பொட்டு வைத்திருந்தாராம்.

ஒன்பது கார்களும் முடிந்தன. 14-ல் 10 மீண்டும் மெஷினில் ஓடுகின்றன, சிறிய வட்டங்கள் மூன்று தனி. வெட்டும் பேட் இரண்டும் கம்பளி பேட் ஒன்றும் மட்டும் வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். தீபாவளி 31-ஆம் தேதி. திங்கள் காலை ஏழு மணிக்கு வெள்ளை ஸ்விஃப்ட் வருகிறது.