கல்லறையைச் சுற்றி ஒரு நடை

லாஸ் ஏஞ்சலஸில் வீடு தேடியபோது வாடகை கட்டுப்படியானது பாயில் ஹைட்ஸில்தான். அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். சாயங்காலம் நடக்க எங்கே போவது என்று கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "கல்லறைக்கு" என்றார்.

நிஜமாகவே அங்கேதான் போகிறார்கள். எவர்கிரீன் கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே ஒன்றரை மைலுக்கு ரப்பர் பாதை ஓடுகிறது. முன்பு வேர் முட்டி உடைந்த சிமெண்ட் தளத்தில்தான் நடையும் ஓட்டமும். ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டு 2003இல் இதை வாங்கியிருக்கிறார்கள். ஹாலன்பெக் பூங்கா இருக்கிறதே என்பீர்கள். அதன் ஏரி ஓரத்தை மிதித்துக்கொண்டு போகிறது ஐந்தாம் எண் நெடுஞ்சாலை. லாரிப் புகையில் மூச்சுப் பயிற்சி செய்ய எனக்குத் தெம்பில்லை.

அமெரிக்காவில் 2017-18 கணக்குப்படி லத்தீனோ பெரியவர்களில் 44.8 சதவீதம் பேருக்கு உடற்பருமன். மொத்த மக்களில் 42.4. "அவங்க சாப்பாடே அப்படி" என்கிறார் பக்கத்து வசதியான நகரமான இர்வைனில் இருக்கும் நம்மூர் நண்பர். அவர் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் பூங்கா!

சாப்பாடு மட்டும்தானா என்று பார்க்க நல்ல சான்று ஒன்று உண்டு. 1994 முதல் 1998 வரை லாஸ் ஏஞ்சலஸ் உட்பட ஐந்து நகரங்களில், வறுமை குறைந்த பகுதிக்கு மாற ஏழைக் குடும்பங்களுக்குக் குலுக்கல் முறையில் வாடகை உதவி கொடுத்தார்கள். கறுப்பினத்தவரும் லத்தீனோக்களும்தான் அதில் பெரும்பாலோர். வருடங்கள் கழித்துப் பார்த்தால், உதவி கிடைத்த பெண்களிடம் கடும் பருமனும் சர்க்கரை நோயும் குறைவு. 2011இல் வெளியான முடிவு இது.

லத்தீனோக்கள் நிறைய வாழும் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில் 2008இல் புது ஃபாஸ்ட் ஃபுட் கடைகளுக்குத் தடை போட்டார்கள். தனிக் கட்டடக் கடைகளுக்கு மட்டும்தான் அது. பழைய கடைகள் அப்படியே நின்றன, முக்குக்கடைகளில் சோடாவும் சிப்ஸும் தாராளம். 2015இல் வெளியான ராண்ட் ஆராய்ச்சி நிறுவன ஆய்வின்படி அங்கே பருமன் கூடித்தான் இருந்தது. பெயருக்குப் போட்ட தடை, வேறென்ன நடக்கும்?

இதில் எனக்கு எரிச்சல் தருவது பழவண்டி விஷயம். வண்ணக் குடைக்குக் கீழே ஐஸ் மேல் மாங்காய், வெள்ளரி, தர்பூசணி. கேட்டதை நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த்தூள் தூவி நீட்டுவார்கள். மெரினா மாங்காய்ப் பத்தையேதான். சோடா விற்கும் கடைக்கு லைசென்ஸ் சுலபம். இந்த வண்டிக்காரர்கள் மேல் கிரிமினல் வழக்கே பாய்ந்துகொண்டிருந்தது. மாநிலம் முழுக்க அதை நிறுத்தும் சட்டம் வந்ததே 2018இல்தான். நான் தர்பூசணியைக் குறைத்து ஜிகாமாவைக் கூட்டிப் போடச் சொல்வேன். மொறுமொறுவென்ற கிழங்கு, காரத்துக்கு நன்றாகப் பிடிக்கும்.