பாமினி டேபிளைத் தூக்கிறதோ விடுறதோ

போன மாசம், பழைய ஃபொன்டில அடிச்ச தமிழை யுனிகோட்டுக்கு மாத்திற எங்கட ஃபொன்ட் கன்வெர்ட்டருக்கு கம்பஸ்ல படிக்கிற தம்பி ஒருத்தர் புல் ரிக்வெஸ்ட் ஒண்டு (கோட்டில இந்த மாற்றத்தைச் சேருங்கோ எண்ட கோரிக்கை) அனுப்பியிருந்தார், திறந்து பார்த்தா முழுக்க சிவப்பு, ஒரு வரிகூட புதுசா இல்லை, எல்லாம் அழிக்கிறதுதான். பைதன் மொழியின்ர பழைய பதிப்பு பைதன் 2க்காக வச்சிருந்த துண்டுகள், திஸ்கி எண்ட பழைய தமிழ்க் குறியீட்டை மாத்திற டேபிள், பாமினி ஃபொன்ட்டை மாத்திற டேபிள். "அண்ணை, இப்ப எல்லாரும் யுனிகோட்தானே, உதெல்லாம் டெட் கோட், தூக்குவம்" எண்டு கீழ எழுதியிருந்தார்.

பைதன் 2க்கு 2020 ஜனவரி 1ஓட சப்போர்ட் முடிஞ்சுது, அதில யோசிக்க ஒண்டுமில்லை. திஸ்கியை லினக்ஸில ஜிலிப்ஸி (glibc) எண்ட அடிப்படை லைப்ரரியோட வாற ஐகொன்வ் (iconv) எண்ட குறியீடு மாத்திற புரோகிராமே யுனிகோட்டுக்கு மாத்தும், நாங்கள் அழிச்சாலும் சனத்துக்கு வேற வழி இருக்கு, அதையும் தூக்கச் சொல்லீட்டன்.

பாமினியிலதான் கை நிண்டுட்டுது. அது இங்கிலிஷ் எழுத்துகளின்ர இடத்தில தமிழ் உருவங்களைக் குந்த வச்ச ஃபொன்ட், அம்மா எண்டு அடிச்சா ஃபைலுக்குள்ள கிடக்கிறது எம், கே, செமிகோலன், கே, எச். ஐகொன்வுக்கு அது இங்கிலிஷ்தான். எங்கட டேபிளில 'கொ' வரி 'கா' வரிக்கு மேல நிக்கோணும், ஏனெண்டா மேல இருக்கிற வரிதான் முதல் மாறும், பாமினியில கொம்பு (ெ), க, அரவு (ா) எண்டு மூண்டும் தனித்தனியா வரும், கா முந்தி மாறீட்டா கொம்பு முன்னுக்கு அநாதையா நிண்டிடும். இந்த ஒழுங்கைப் பிடிக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

போன வருசம் சங்கானையில இருந்து ஒரு ரீச்சர் பென்டிரைவோட வந்தவ. அவவின்ர அப்பான்ர 31ஆம் நாளுக்கு அடிச்ச கல்வெட்டு, அதான் செத்தவரின்ர நினைவுப் புத்தகம், அச்சகத்தில வாங்கி வச்ச ஃபைல், பேப்பர் பிரதி ஒண்டும் இப்ப கையில இல்லையாம். திறந்தா முழுக்க இங்கிலிஷ் எழுத்துக் குப்பை. மாத்தி விட்டன், அப்பான்ர பேர் வந்து நிக்க அவ கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப்போட்டு ஸ்கிரீனுக்குக் கிட்ட குனிஞ்சு ஒவ்வொரு வரியா வாய்விட்டு வாசிச்சா, நான் ஒண்டும் கதைக்கேல்லை. அந்த மனுசி, நாங்கள் கோட் வச்சிருக்கிற கிட்ஹப்பில வந்து இஷ்யூ எண்டு முறைப்பாடு போடப்போறாவோ? அப்ப ஆரும் பாவிக்கேல்லை எண்டு நாங்கள் எதை வச்சுச் சொல்லுறது?

தம்பிக்கு இதைச் சொன்னன். "கிட் ஹிஸ்டரியில இருக்கும்தானே அண்ணை" எண்டார். அழிச்ச பழைய கோட் அந்தப் பதிவில இருக்கும், ஆனா அப்பிடி ஒண்டு இருந்ததெண்டு தெரிஞ்சவன்தான் அங்க போய்த் தேடுவான். மற்றது அவர் சொன்னதிலயும் நியாயம் இருக்கு, அந்த டேபிளுக்கு டெஸ்ட் ஒண்டுமில்லை, கொமென்ட் இல்லை, ஏன் இந்த ஒழுங்கு எண்டு எங்கயும் எழுதேல்லை, புதுசா வாற ஒராளுக்கு அது குப்பையாத்தான் தெரியும், அது எங்கட பிழை. "நீர் அழிக்க வேண்டாம், தனி மொடியூலாப் பிரிச்சு டெஸ்ட் எழுதும், ஏனெண்டதை நான் கொமென்ட்டா எழுதிறன்" எண்டு கேட்டன்.

ரெண்டு நாளில திருப்பி அனுப்பினார். டெஸ்டுக்கு அவர் போட்ட முதல் சொல்லு கொக்குவில், அவரின்ர ஊர். ஓடவிட்டுப் பார்த்தன், கொம்பு சரியான இடத்தில ஏறியிருந்துது, மேர்ஜ் பண்ணி எங்கட கோட்டோட சேர்த்துப்போட்டன்.