120 கொண்டைக்கடலையும் ஒரு ஏகே-47ம்

அக்கா மகன் அடுத்த ஆண்டு தேசிய சேவைக்குப் போகிறான். துப்பாக்கியைப் பற்றி எல்லாம் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு, ஏனென்றால் பத்து வயதிலிருந்து சுட்டுக்கொண்டிருக்கிறான், கணினி கேமில், எலியை வைத்து. நான் தேசிய சேவையையும் முடித்து, அதற்கப்புறம் வருஷா வருஷம் முகாமுக்குக் கூப்பிட்ட போதெல்லாம் போய்வந்தவன், ஆனால் சொந்தமாக அறிந்தது சிங்கப்பூர்ப் படையின் துப்பாக்கியான எஸ்ஏஆர் 21 ஒன்றைத்தான். மற்றதெல்லாம் எனக்கும் திரையில் பார்த்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் இருவரும் சண்டை போட்டதில் பிறந்தது இந்த நோட்டு. இடது பக்கம் கேமில் எப்படி இருக்கிறது, வலது பக்கம் நிஜத்தில் எப்படி. இரண்டு இடங்களில் சரிபார்க்காமல் எதையும் எழுதக்கூடாது, வீட்டிலேயே செய்து பார்க்க முடிந்தால் செய்து பார்க்கவேண்டும், இதுதான் விதி. நிஜத் துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை, நம் ஊரில் ஏர்சாஃப்ட் பொம்மையைக்கூட உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே சமையலறைதான் ஆய்வுக்கூடம்.

முதலில் எடை. தோட்டா இல்லாத எஸ்ஏஆர் 21 சுமார் 3.82 கிலோ. 30 தோட்டா போட்ட மேகசினையும், அதாவது தோட்டாப் பெட்டியையும், சேர்த்தால் நாலரையை ஒட்டி வரும். தேக்காவில் வாங்கிய 5 கிலோ பொன்னி அரிசியிலிருந்து அரை கிலோவை அளந்து எடுத்துவிட்டு, மீதியை நீளவாக்கில் ஒரு துணிப்பையில் கட்டி, குறி பார்ப்பது போலத் தோளில் அணைத்துப் பிடிக்கச் சொன்னேன். பழைய கவுன்டர்-ஸ்டிரைக் 1.6 கேம் இன்னும் என் மடிக்கணினியில் ஓடுகிறது, அதில் ஒரு சுற்றுக்கு 1 நிமிடம் 45 விநாடி என்று வைத்திருந்தோம். அந்த ஒரு சுற்று முழுக்கப் பிடி, கையைக் கீழே இறக்காதே, அவ்வளவுதான் என்றேன். நாற்பதாவது விநாடியில் முழங்கை இறங்கியது. ஒரு நிமிடத்தில் மூச்சு சத்தம் கேட்டது. பையின் நுனி சுவரில் மாட்டியிருந்த காலண்டர் மேல் வட்டம் போட ஆரம்பித்தது, முதலில் சின்ன வட்டம், அப்புறம் தை மாதம் முழுவதும். "மாமா, கேமில் இது ஆடவே ஆடாதே" என்றான். ஆடாது, ஏனென்றால் அதைப் பிடித்திருக்கிற கைக்கு வலி கிடையாது. நானும் பிடித்துப் பார்த்தேன். எத்தனை விநாடி என்பதை நோட்டில் எழுதவில்லை.

எஸ்ஏஆர் 21 பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், நம் ஊர்ச் சரக்கு என்பதால். 1967-ல் தொடங்கிய சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் முதலில் அமெரிக்க எம்16-ஐ உரிமம் வாங்கி இங்கேயே செய்தது, எம்16எஸ்1 என்று அதற்குப் பெயர். என் அப்பா தலைமுறை தூக்கியது அதைத்தான், இன்றைக்கும் துப்பாக்கி என்றாலே அவருக்கு எம்16தான். 1999-ல் எஸ்ஏஆர் 21 வந்தது. மேகசின் விசைக்குப் பின்னால் இருக்கும் புல்பப் வகை, அதனால்தான் குழல் நீளமாக இருந்தும் மொத்த நீளம் 80 சென்டிமீட்டரை ஒட்டியே நிற்கிறது. தூக்கும் கைப்பிடியிலேயே 1.5 மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி. கன்னம் படுகிற இடத்தில் கெவ்லார் தகடு, உள்ளே தோட்டா வெடித்துத் தொலைத்தால் முகம் தப்பட்டும் என்று. மேகசின் பாதி ஒளிபுகும் பிளாஸ்டிக், எத்தனை தோட்டா மிச்சம் என்று கண்ணாலேயே பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த மேகசின் இருப்பது அக்குளுக்குப் பக்கத்தில். குறி பார்த்துக்கொண்டே எண்ண முடியாது, துப்பாக்கியைச் சாய்த்துப் பார்க்கவேண்டும். கேமில் திரையின் வலது மூலையில் 30/90 என்று எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் எண் இருக்கிறதே, அதைக் கொடுத்தால் எந்தப் படையும் வாங்கிக்கொள்ளும்.

அந்த 30/90-தான் எங்களைக் கடலைக்குக் கொண்டுபோனது. இதற்குத்தான் ஒரு முழு மாலை போனது.

1.6-ல் ஏகே வாங்கி, தோட்டாவையும் நிரப்பினால் கையில் 30, இருப்பில் 90. கணக்குப் பார்த்தால் நாலு மேகசின். ஏழு தோட்டா சுட்டுவிட்டு, மேகசின் மாற்றுகிற ஆர் பொத்தானை அழுத்தினால் 30/83 என்று ஆகிவிடும். எல்லாருக்கும் பழக்கமான விஷயம், ஒரு ஆளைச் சுட்டவுடனே கை தானாக ஆர் மேல் போகும். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அங்கே என்ன நடக்கிறது? கழற்றிய மேகசினில் இருந்த 23 தோட்டாவை யாரோ ஒரு கண்ணுக்குத் தெரியாத ஆள் ஒவ்வொன்றாக எடுத்து மற்ற மேகசின்களில் அடுக்கிக் கொடுக்கிறான். நிஜத்தில் அந்த ஆள் நாம்தான், அதுவும் ஓய்வு நேரத்தில், தரையில் உட்கார்ந்து, கட்டை விரல் சிவக்கச் சிவக்க.

இன்னொன்று. ஒவ்வொரு முறை மேகசின் மாற்றும்போதும் திரையில் தெரிகிற கை போல்ட்டை, அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிற இரும்புத் துண்டை, பிடித்து இழுக்கிறது. குழலில் ஏற்கெனவே ஒரு தோட்டா தயாராக இருக்கும்போது இழுத்தால் அது சும்மா வெளியே தெறித்து விழும். போல்ட்டை இழுக்கவேண்டியது கடைசித் தோட்டா வரை சுட்டுத் தீர்த்த பிறகுதான், ஏனென்றால் காலியானதும் எம்16-ன் போல்ட் திறந்து நிற்கும், ஏகேயின் போல்ட் நிற்காது. பேட்டில்ஃபீல்டு 4 என்ற இன்னொரு கேம் இந்த விஷயத்தில் ஒழுங்கு, பாதியில் மாற்றினால் மேகசினில் 30, குழலில் 1 என்று 30+1 கணக்கு வைக்கிறது.

சரி, செய்து பார்ப்போம் என்று நாலு காபி கோப்பையை எடுத்து ஒவ்வொன்றிலும் 30 கொண்டைக்கடலை எண்ணிப் போட்டோம். அவன் ஆடுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சுடச் சுடக் கோப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் போடுகிறேன். ஆர் அழுத்தினால் அந்தக் கோப்பை அப்படியே வரிசைக்குத் திரும்பும், இருப்பதிலேயே நிறைந்த அடுத்த கோப்பை வரும், வீணாகிற ஒரு கடலை தரைக்குப் போகும். ஏகே நிமிடத்துக்கு 600 வேகத்தில் சுடும், அதாவது மூன்று விநாடியில் ஒரு கோப்பை காலி, அதனால் அவனை நாலைந்தாகச் சுடச் சொல்லி, திரையிலுள்ள எண்ணைப் பார்த்துப் பார்த்து எடுத்தேன், நடுவில் இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது. மூன்று சுற்று சாகாமல் நின்றான், நடுவில் தோட்டா வாங்கவில்லை. ஆர் அழுத்தியது ஒன்பது முறை, ஒன்பதும் மேகசினில் மிச்சம் இருக்கும்போதே. சுட்டது 61.

திரையில் 30/29. அதாவது கையில் முழு மேகசின், இன்னொன்று கிட்டத்தட்ட முழுசு, ஜம்மென்று நிற்கிறான். மேசையில் கோப்பைகள்: 18, 14, 11, 7. தரையில் 9. முழுக் கோப்பை ஒன்றுகூட இல்லை. "அப்ப நான் அடுத்த சுற்றுக்கு 18-ஐ வைத்துக்கொண்டா போவேன்?" என்றான். ஆமாம், அதுவும் எந்தக் கோப்பையில் 18 இருக்கிறது என்று இருட்டில் தடவித் தெரிந்துகொண்டால். அதற்கப்புறம் ஒரு சுற்று ஆடினான், ஆர் பக்கம் விரல் போய்ப் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். அக்கா வந்து, ஊறவைக்கவேண்டிய கடலையைக் கோப்பையில் போட்டு விளையாடுகிற வயசா உனக்கு என்று என்னைத்தான் கேட்டாள்.

எடைக்கும் இதிலேயே ஒரு கணக்கு வந்தது. ஏகேயின் 7.62×39 தோட்டா ஒன்று ஏறக்குறைய 16 கிராம், 120 என்றால் இரண்டு கிலோவை ஒட்டி, மேகசினின் இரும்பைச் சேர்க்காமலே. எம்16-ன் 5.56 தோட்டா 12 கிராம்தான். சின்னத் தோட்டா பக்கம் உலகம் சாய்ந்ததற்கு எடையும் ஒரு பெரிய காரணம், அதே எடைக்கு அதிகத் தோட்டா தூக்கலாம். ரஷ்யர்களும் 1974-ல் ஏகே-74 என்று சின்னத் தோட்டாவுக்கு மாறிவிட்டார்கள்.

அதே ஆட்டத்தில் இன்னொரு வேடிக்கை, இத்தனை வருஷம் ஆடியும் நான் கவனித்ததே இல்லை. 1.6-ல் ஏகேயின் போல்ட் பிடி இடது பக்கம் இருக்கிறது, காலி உறைகளும் நம் முகத்துக்குக் குறுக்கே தெறிக்கின்றன. நிஜ ஏகேயில் அது வலது பக்கம். படத்தைக் கண்ணாடியில் திருப்பியது மாதிரி. உருவங்களை இடது கைக்காரருக்குச் செய்துவிட்டு அப்படியே திருப்பி வலது கையில் கொடுத்ததால் வந்த வினை. பெயர்களும் அப்படித்தான், உரிமச் சிக்கலுக்குப் பயந்து ஏகே-47-க்கு சிவி-47, ஆஸ்திரியாவின் ஸ்டையர் ஆக் துப்பாக்கிக்கு வெறும் "புல்பப்". அந்த ஆக் 1977-லிருந்து ஆஸ்திரியப் படையில் இருக்கிறது, அதிலும் 1.5 மடங்குக் கண்ணாடி, ஒளிபுகும் மேகசின். எஸ்ஏஆர் 21 தூக்கியவர்களுக்கு எங்கேயோ பார்த்த முகமாக இருக்கும். பாலத்தைத் தாண்டினால் மலேசியப் படையும் அதை ரொம்ப நாள் வைத்திருந்தது.

இப்போது நான் தோற்ற இரண்டு இடங்கள், மறைக்கக்கூடாது. பிரெஞ்சுக்காரர்களின் ஃபமாஸில் 25 தோட்டாதான் என்று கேமில் இருப்பதைப் பார்த்து, இது ஆட்டச் சமநிலைக்காகக் குறைத்தது என்று நோட்டில் தைரியமாக எழுதிவிட்டேன், விதியை மீறி, சரிபார்க்காமல். நிஜ ஃபமாஸ் எஃப்1-க்கும் 25-தான். அடுத்தது கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் கேமில் வருகிற ஜி11 துப்பாக்கி, பார்க்க மரப்பலகை மாதிரி இருக்கும். இது கற்பனை என்று அடித்துச் சொன்னேன். ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் காக் நிஜமாகவே செய்தது, பித்தளை உறையே இல்லாத 4.73 மி.மீ. தோட்டா, மருந்துக்கட்டிக்குள்ளேயே குண்டு புதைந்திருக்கும். மூன்று தோட்டாவை நிமிடத்துக்கு 2,000-க்கும் மேலான வேகத்தில் விடும், தோளுக்கு உதை வந்து சேர்வதற்குள் மூன்றும் போய்விடும். பனிப்போர் முடிந்து, இரண்டு ஜெர்மனியும் ஒன்றானதும் காசில்லை என்று கைவிட்டார்கள். பையன் என்னை ஒரு வாரம் விடவில்லை. நானும் விடவில்லை: பிளாக் ஆப்ஸிலும் ஃபமாஸ் வருகிறது, ஆனால் அந்தக் கதை நடப்பது 1960-களில், ஃபமாஸ் படைக்கு வந்ததே 1978-ல், பின்னே எப்படிடா அது அங்கே?

தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிற ஏடபிள்யூபி-க்கு ஒரே வரி எழுதினேன். அதில் பி என்பது போலீஸ், நிஜத்தில் 7.62 நேட்டோ தோட்டா போடுகிற காவல்துறை வகை, ஆனால் கேமில் வரைந்திருப்பது மேக்னம் என்கிற அண்ணன்காரனை.

சத்தம்தான் வீட்டில் செய்ய முடியாதது. 1.6-ல் சுட்ட கணமே குண்டு பட்டுவிடும், தூரமே கிடையாது. நிஜத்தில் 5.56 குண்டு விநாடிக்கு 900 மீட்டருக்கும் மேல் கிளம்பும், சத்தம் 340 சொச்சம்தான், ஆகவே 300 மீட்டரில் இருப்பவனுக்குக் குண்டு வந்தபிறகுதான் சத்தம் வரும். சுடுகிறவனுக்கோ அது காதில் கேட்பதே இல்லை, நெஞ்சில் விழும். பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் முதல் தடவை, காதில் அடைப்பான் வைத்திருந்தும், பக்கத்துத் தடத்தில் ஒருவன் சுட்டபோது நான் சுடாமலே கண்ணை மூடிக்கொண்டேன். இதைச் சொன்னதும் அவன் ஹெட்ஃபோன் ஒலியைக் கடைசிவரை ஏற்றி "இவ்வளவா?" என்றான். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது.

அடுத்த பக்கத்தில் எம்1 காரண்ட் என்று தலைப்பு மட்டும் போட்டிருக்கிறது. 1936-ல் அமெரிக்கப் படை ஏற்றது, எட்டுத் தோட்டாவையும் ஒரே இரும்புப் பிடியோடு உள்ளே தள்ளவேண்டும், கடைசித் தோட்டா போனதும் அந்தப் பிடி "டிங்" என்று வெளியே பறக்கும். கால் ஆஃப் டூட்டி முதல் பாகத்தில் எட்டும் தீராமல் மாற்றவே விடாது, நிஜத்தில் கையால் வெளியே எடுக்கலாம். இதைச் செய்து பார்க்க எட்டு கடலையையும் ஒன்றாகப் பிடிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும், துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை வளைத்துப் பார்த்தேன், நாலுதான் நிற்கிறது. அதுவும் அக்கா அந்த 120-ஐயும் சுண்டல் பண்ணிவிட்டாள், தரையில் கிடந்த ஒன்பதையும் கழுவிச் சேர்த்து.